ஜீப்ரா கிராசிங் யார் போடுவது, யார் பராமரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டமோ, பள்ளிப் பெற்றோர் கூட்டமோ, எங்கே போனாலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "நம்ம முனையில ரோட்டைக் கடக்கவே முடியல, ஒரு ஜீப்ரா கிராசிங் போட யாரைப் பார்க்கணும்?" அப்படிக் கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். தமிழ்நாட்டு நடைமுறைதான் இதில் இருக்கிறது. சென்னை உதாரணங்கள் கொஞ்சம் அதிகமாக வரும், மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஜீப்ரா கிராசிங் போடுவது மாநகராட்சி வேலையா, போலீஸ் வேலையா?

சாலை யாருடையதோ அவர்களுடைய வேலை. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஊருக்குள் ஓடும் சாலைகளுக்குப் பல சொந்தக்காரர்கள். சென்னையில் உட்புறத் தெருக்களும் பேருந்து ஓடும் சாலைகளில் பெரும்பாலானவையும் பெருநகர சென்னை மாநகராட்சியுடையவை. அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, 100 அடி சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையை ஆறு வழியாக்கியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், அல்லது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. கிராமத்தில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை என்று தனிக் கணக்கு.

இதற்கு மேல் போக்குவரத்துப் போலீஸ் வருகிறது. சிக்னலை இயக்குவதும், எத்தனை விநாடி பச்சை என்று வைப்பதும், கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுவதும் அவர்கள். கோடு வரையும் பெயின்டுக்கான பணம் பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது, அது சாலைக்குச் சொந்தமான துறையிடம் இருக்கும். "போலீஸ் பரிந்துரைக்கட்டும்" என்று மாநகராட்சியும், "மாநகராட்சி போட்டுத் தரட்டும்" என்று போலீஸும் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். இரண்டும் உண்மை. இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் மனு கொடுப்பவரின் சாமர்த்தியம்.

எங்கள் சாலை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊருக்கு வெளியே கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் கல் கிடைக்காது. அங்கே உங்கள் வார்டு உதவிப் பொறியாளரைக் கேட்பதே சுலபம். தன்னுடையது இல்லை என்றால் மறு நொடியே சொல்லிவிடுவார்.

கிராசிங் அமைத்துத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இத்தனை மீட்டருக்கு ஒரு கிராசிங் என்று கட்டாயப்படுத்தும் ஒற்றைச் சட்டப் பிரிவு கிடையாது. ஆனால் துறைகள் "அது எங்கள் விருப்பம்" என்று சொல்லும் காலமும் முடிந்துவருகிறது.

இந்திய சாலைகள் காங்கிரஸ், அதாவது பொறியாளர்கள் ஐஆர்சி என்று சொல்லும் அமைப்பு, நடப்போர் வசதிகளுக்கென்றே 103-ஆம் எண்ணுள்ள வழிகாட்டி நெறி ஒன்றை வைத்திருக்கிறது. சாலைக் குறியீடுகளுக்கு 35-ஆம் எண். அரை மீட்டர் வெள்ளைப் பட்டை, அரை மீட்டர் இடைவெளி என்ற அளவெல்லாம் அதில்தான் வருகிறது. சாலைப் பொறியாளர்கள் எஸ்டிமேட் போடுவதே ஐஆர்சியை வைத்துத்தான். அதனால் மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் பதில் சொல்லும் விதமே மாறும்.

அடுத்தது மோட்டார் வாகனச் சட்டம். 2019 திருத்தத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை வடிவமைப்பவர், கட்டுபவர், பராமரிப்பவர் ஆகியோர் மத்திய அரசு வகுத்த தரத்தைப் பின்பற்றாமல், அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை பெரிதில்லைதான். ஆனால் விபத்து நடந்தால் ஓட்டுநரை மட்டும் பிடிக்காமல், சாலையைப் போட்டவரையும் கேள்வி கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது இந்தப் பிரிவு.

மூன்றாவது, உச்ச நீதிமன்றம். கோயம்புத்தூர் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. விபத்தில் நொறுங்கி வருகிறவர்களுக்கு நாள்தோறும் மருத்துவம் பார்க்கிற ஒருவர், விபத்தே நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீதிமன்றப் படியேறிய வழக்கு அது. அதில் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், 50 பெருநகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், நடப்போர் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கவும் உத்தரவிட்டது.

இதெல்லாம் ஏன் என்று கேட்டால், ஒரு கணக்கு போதும். 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

எந்த இடத்தில் போடலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கவுன்சிலர் சொன்னார், போட்டோம் என்பதும் உண்டு. புத்தகப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நெரிசல் மிகுந்த நான்கு மணி நேரத்துக்குச் சராசரி எடுத்து, மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ண வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கி, பிறகு ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மீடியன், அதாவது நடுத் தடுப்பு, இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால், அங்கே வண்டிகளை நிறுத்தி வழி விடும் ஏற்பாடு தேவை. மீடியன் இருந்தால் 20 கோடி.

ஏதோ பெரிய எண் போலத் தெரிகிறதா? போட்டுப் பாருங்கள். மணிக்கு 1,000 வண்டி, 100 பேர் என்றாலே 10 கோடி வந்துவிடும். 2,000 வண்டி ஓடினால் 25 பேர் கடந்தால் போதும். மீடியன் உள்ள பெரிய சாலையில் மணிக்கு 4,000 வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், 13 பேர் கடந்தாலே 20 கோடி தாண்டிவிடும். அதாவது, நம் ஊர்ப் பெரிய சாலைகளில் பேருந்து நிறுத்தம் இருக்கும் எந்த இடமும் இந்தப் பரீட்சையில் சுலபமாகப் பாஸ் ஆகும். "இங்கே தேவைப்படும் அளவுக்கு ஆள் நடமாட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால், எண்ணிப் பார்த்தீர்களா என்று தைரியமாகக் கேட்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கடக்கிறவர்களைத்தான் அது எண்ணுகிறது, கடக்கப் பயந்து நிற்பவர்களை எண்ணுவதில்லை. எதிர்ப்பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்குப் போக ஆட்டோ பிடித்து, அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வரும் பெரியவர்கள் சென்னையில் ஏராளம். அந்தப் பயணம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. சாலை எவ்வளவு மோசமோ அவ்வளவு குறைவாக ஆட்கள் கடப்பார்கள், அதையே காரணம் காட்டி கிராசிங் மறுக்கப்படும். இதை மனுவில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

கோடு போட்டும் ஒரு வண்டிகூட நிற்பதில்லையே, அப்புறம் எதற்கு?

நியாயமான கோபம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, சிக்னல் இல்லாத கிராசிங்கை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் என்றால் கோட்டின் மேல் போய் வண்டியை நிறுத்தவும் கூடாது. ஆனால் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறோமே தவிர, கிராசிங்கில் நிற்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதால், வண்டியைத் தானாகவே மெதுவாக்கும்படி சாலையை அமைக்க வேண்டும். இதில்தான் உள்ளாட்சிகள் கோட்டைவிடுகின்றன. வெள்ளைப் பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்து, பில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

உண்மையில் வேலை செய்வது மேடைக் கிராசிங். சாலையை நடைபாதையின் மட்டத்துக்கு, சுமார் 15 சென்டிமீட்டர், சரிவாக உயர்த்தி, மேலே தட்டையாக விட்டு, அதன் மேல் கோடு போடுவது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம், வண்டிக்காரர்தான் ஏறி இறங்க வேண்டும். யாருடைய வசதி முதலில் என்பதைப் பலகை வைக்காமலே அது சொல்லிவிடும். மழைத் தண்ணீர் ஓட இரு ஓரமும் வழி விட்டுக் கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே அங்கே குளம் கட்டிவிடும், மக்களே வந்து இடிக்கச் சொல்வார்கள்.

அடுத்து, பார்வை. கோட்டுக்குப் பக்கத்திலேயே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடைக்கு வந்த பைக் வரிசை, ஒரு மினி லாரி. அதன் பின்னாலிருந்து ஒரு சிறுவன் வெளியே வந்தால் எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. கிராசிங்குக்கு முன்னால் சில மீட்டருக்கு வண்டி நிறுத்த விடாமல் தடுப்புக் குச்சிகள் நட்டாலே பாதி ஆபத்து போய்விடும். பேருந்து நிறுத்தம் கிராசிங்கைத் தாண்டி இருக்க வேண்டும். கிராசிங்குக்கு முன்பே பேருந்து நின்றால், இறங்குகிறவர்கள் பேருந்துக்கு முன்புறமாக ஓடிக் கடப்பார்கள், பின்னால் வரும் வண்டிக்கு ஆள் தெரியாது.

மூன்றாவது ஆபத்து, பல வழிச் சாலை. ஒரு கார் மரியாதையாக நிற்கிறது, நீங்கள் நடக்கிறீர்கள், அந்தக் காரை ஒட்டி ஒரு பைக் சர்ரென்று வருகிறது. இதனால்தான் மூன்று வழிச் சாலையில் வெறும் கோடு போதாது, சிக்னலோ மேடையோ கண்டிப்பாக வேண்டும். நடுவில் மீடியனில் ஒரு குடும்பம் பையோடு நின்று மூச்சு வாங்கும் அளவுக்கு இடமும் வேண்டும். ஒரு அடி மீடியனில் பக்கவாட்டாக நின்றபடி குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் 'புகலிடம்' என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட, 65 கிலோமீட்டரில் வரும் கார் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம்தான். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30-தான் வேக வரம்பு, தெரியுமா? பலருக்குத் தெரியாது.

நடைமேம்பாலம் கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

யாருடைய பிரச்சினை என்பதைப் பொறுத்தது. கீழே குறைந்தது ஐந்தரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏறுவதற்கு 36-க்கு மேல், இறங்க அதே அளவு. முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, காய்கறிப் பையோடு வருபவர் யாரும் அதில் ஏற மாட்டார்கள். லிஃப்ட், எஸ்கலேட்டர் வைக்கலாம். வைத்தால் மின்சாரம், காவலாளி, பழுது பார்க்கும் ஒப்பந்தம் என்று வருஷா வருஷம் செலவு. அதற்கு ஒதுக்கீடு இல்லாமல் போன இடங்களில் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்: பூட்டு, விளம்பரப் பலகை, இருட்டு.

அதற்காக நடைமேம்பாலமே வேண்டாம் என்பதில்லை. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் இடத்தில் அது பொருந்தும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் கூட்டம் போகிறது, ஏனென்றால் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறியவர்கள் அப்படியே மட்டம் மாறாமல் நடந்துவிடலாம். வெறுமனே ஒரு சாலையைக் கடக்க என்றால், ஐஆர்சி வழிகாட்டியே தரைமட்டக் கிராசிங்குக்குத்தான் முதலிடம் தருகிறது. மேம்பாலம் கட்டியதைக் காரணம் காட்டி கீழே இருந்த கோட்டை அழித்து, மீடியனில் கம்பி வைத்தால் அது நடப்பவருக்குச் செய்த வசதி இல்லை.

சிக்னலில் பச்சை மனிதன் ஓடி மறைந்துவிடுகிறான். நேரத்தைக் கூட்ட முடியுமா?

முடியும், போக்குவரத்துப் போலீஸிடம் கேளுங்கள். கணக்கு எளிது. வழக்கமாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்து நேரம் ஒதுக்குகிறார்கள். 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு அதே சாலை 30 விநாடி. மருத்துவமனை, கோயில், ஓய்வூதியர் அதிகம் இருக்கும் பகுதி என்றால் குறைந்த வேகத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். கைப்பேசியில் நேரத்தை அளந்து, சாலை அகலத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் மறுப்பது கஷ்டம்.

'ஃப்ரீ லெஃப்ட்' இருக்கும் சந்திப்புகளில் இன்னொரு தொல்லை: உங்களுக்குப் பச்சை விழுந்தாலும் இடதுபுறம் திரும்பும் வண்டி நிற்காது. அந்த இடது திருப்பத்துக்கும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயம்புத்தூரில் சிக்னலையே எடுத்துவிட்டார்களே, அங்கே நடப்பவர் என்ன செய்வது?

2022, 2023 வாக்கில் கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை நீக்கி, யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்தார்கள். வண்டிக்காரர்களுக்குக் காத்திருப்பு குறைந்தது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் சிவப்பு விழுந்து வண்டிகள் நிற்கும் அந்த அரை நிமிடம்தான் நடப்பவருக்குக் கிடைத்த ஒரே இடைவெளி. அது போனது. இப்படி மாற்றும் எந்த ஊரிலும், யூ-டர்னுக்குச் சற்றுத் தள்ளி, பொத்தானை அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் பெலிக்கன் சிக்னலோ மேடைக் கிராசிங்கோ சேர்ந்தே வர வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் 'பிறகு' வருவதில்லை.

போட்ட கோடு ஏன் ஆறே மாதத்தில் காணாமல் போகிறது?

பல காரணம். முதலாவது, எதைக் கொண்டு போட்டார்கள் என்பது. சாதாரணப் பெயின்ட் என்றால் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. தெர்மோபிளாஸ்டிக் என்று ஒன்று உண்டு: பொடியை உருக்கி, கொதிக்கக் கொதிக்கச் சாலையில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு இழுப்பார்கள். அது ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். இரவில் முகப்பு விளக்கு பட்டால் கோடு மின்னுவது அந்த மணிகளால்தான். மணி தூவாமல் போட்ட கோடு பகலில் அழகாக இருக்கும், ராத்திரி இருக்காது. சாலை ஈரமாகவோ புழுதியாகவோ இருந்தால் தெர்மோபிளாஸ்டிக் ஒட்டாது, பத்தை பத்தையாகப் பெயர்ந்து வரும். அமைச்சர் வருகிறார் என்று அவசரமாகத் தூறலில் போட்ட கோடுகளின் கதி அதுதான்.

இரண்டாவது, ரோடு கட். குடிநீர் வாரியம், மின்வாரியம், கேபிள்காரர் என்று ஒவ்வொருவராக வெட்டுவார்கள். பள்ளத்தை மூடும் ஒப்பந்ததாரர் தாரை மட்டும் ஊற்றுவார், கோடு அவர் கணக்கில் இருக்காது. மூன்றாவது, புதுச் சாலை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும்போது கோடும் போய்விடுகிறது. சாலை போடும் டெண்டரிலேயே கோடு, எச்சரிக்கைப் பலகை, ஸ்டாப் லைன் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். தனி டெண்டர் என்று பிரித்தால், நடுவில் பல மாதம் மொட்டைச் சாலைதான்.

பராமரிப்பு என்றால் பெயின்ட் மட்டும் இல்லை. கிராசிங் மேல் இருக்கும் தெருவிளக்கு எரிகிறதா, மரக்கிளை எச்சரிக்கைப் பலகையை மறைக்கிறதா, கோடு முடியும் இடத்தில் நடைபாதை உடைந்திருக்கிறதா, மின்பெட்டி வழியை அடைக்கிறதா என்பதெல்லாம் அதில் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை, மாசியில் ஒரு சுற்று எல்லாக் கிராசிங்கையும் பார்த்துக் கோடு புதுப்பிப்பது எந்த உள்ளாட்சிக்கும் முடிகிற காரியம்தான்.

மனுவை எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

"பொதுமக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள், ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால், "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும்.

இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: எந்தச் சாலை, எந்தக் கடைக்கு எதிரில், எந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம். நெரிசல் நேரத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆட்களையும் வண்டிகளையும் எண்ணி, மேலே சொன்ன கணக்கைப் போட்டு விடையோடு கொடுங்கள். அந்த இடத்தில் விபத்து நடந்திருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். கோடு மட்டும் கேட்காமல், மேடை வேண்டுமா, மீடியனில் வழி வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்று எழுதுங்கள். நான்கு படம் போதும், அதில் ஒன்று இரவில் எடுத்ததாக இருக்கட்டும்.

ஒரு பிரதி சாலைக்குச் சொந்தமான துறையின் பொறியாளருக்கு, ஒரு பிரதி போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு, ஒன்று கவுன்சிலருக்கு. இரண்டு அலுவலகத்திலும் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண் வாங்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளின் குறைகளுக்கு 2023-இல் வந்த 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. முதல்வரின் உதவி மையம் 1100. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல்", "இந்தச் சாலைக்குக் கடைசியாகக் கோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல்", "ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது" என்று ஆவணமாகக் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தனி மதிப்பு. பொறுப்புக் காலத்துக்குள் கோடு அழிந்திருந்தால், அரசுப் பணம் செலவழிக்காமல் ஒப்பந்ததாரரே திரும்பப் போட வேண்டும். கேட்க ஆள் இல்லாததால்தான் போடாமல் தப்பிக்கிறார்கள்.

பணம் இல்லை என்கிறார்களே?

கோடு போடும் செலவு, சாலை போடும் செலவில் சிறு துளி. சென்னை மாநகராட்சி 2014-இலேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்பது அதில் இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்த வழியில் வந்ததுதான். நன்றாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் ஒரு கடைவீதி அழகானதோடு கொள்கை நிறைவேறிவிட்டதாகக் கணக்கெழுத முடியாது.

பார்வையற்றவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எப்படிக் கடப்பது?

நடைபாதை முடியும் இடத்தில் 12-க்கு 1 என்ற அளவில் சரிவு, கால் வைத்தாலே தெரியும்படி புள்ளி வைத்த ஓடு, சிக்னல் இருந்தால் ஒலி. மூன்றும் வழிகாட்டி நெறியில் இருப்பவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. மேடைக் கிராசிங் என்றால் சரிவே தேவையில்லை, ஆனால் புள்ளி ஓடு அவசியம், இல்லாவிட்டால் நடைபாதை எங்கே முடிந்து சாலை எங்கே தொடங்குகிறது என்று பார்வையற்றவருக்குத் தெரியாது. பைக்குகள் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் நடும் தடுப்புகளுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பைக்கைத் தடுக்கப் போய் நாற்காலியைத் தடுத்த இடங்கள் நிறைய.

மெட்ரோ வேலையால் இருந்த கிராசிங்கும் போய்விட்டது. யாரைக் கேட்பது?

வேலை செய்யும் நிறுவனத்தை. வேலை நடக்கும் காலத்தில் தற்காலிக நடைவழி, தற்காலிகக் கிராசிங், விளக்கு, பலகை அமைத்துத் தருவது அவர்கள் பொறுப்பு. இதற்கும் ஐஆர்சி நெறி உண்டு, எஸ்பி 55 என்று பெயர். தடுப்புத் தகரத்தின் மேல் ஒப்பந்ததாரர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தால் முதலில் அங்கே பேசுங்கள். போக்குவரத்து மாற்றத்துக்கு அனுமதி தந்தது போலீஸ் என்பதால், நடப்போர் வழி இல்லாமல் எப்படி அனுமதித்தீர்கள் என்று அவர்களையும் கேட்கலாம்.

எங்கள் கிராமம் நெடுஞ்சாலையின் இருபுறமும் இருக்கிறது. ஊராட்சி மன்றம் கோடு போடலாமா?

போட முடியாது, தேசிய நெடுஞ்சாலையில் எதைத் தொடவும் அந்தத் துறையின் அனுமதி வேண்டும். போட்டாலும் பயனில்லை. 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் லாரி வரும் நான்கு வழிச் சாலையில் வெள்ளைக் கோட்டை நம்பி இறங்குவது ஆபத்து. அங்கே கேட்க வேண்டியது சுரங்கப்பாதை, அல்லது ஊர் எல்லையில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். நெடுஞ்சாலை அதிகாரிகளும் காவல் துறையும் அந்தக் கூட்டத்தில் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

இவ்வளவு அலைவதற்கு நாங்களே பெயின்ட் வாங்கி அடித்துவிட்டால் என்ன?

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். அனுமதியில்லாமல் சாலையில் குறியீடு வரையக் கூடாது. அதைவிட முக்கியம், எச்சரிக்கைப் பலகை, விளக்கு, வேகத்தடை எதுவும் இல்லாத கோடு, நடப்பவருக்கு மட்டும் நம்பிக்கை தரும், ஓட்டுநருக்கு ஒன்றும் சொல்லாது. தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிச் செய்யும் ஸ்பீடு பிரேக்கரும் அப்படித்தான். ராத்திரி அதில் விழுந்து எழுந்த பைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். முப்பரிமாணத்தில் மிதப்பதுபோல் வரையும் கிராசிங் சில வருடங்களுக்கு முன் பல ஊர்களில் பிரபலமானது. முதல் வாரம் எல்லோரும் பிரேக் போடுவார்கள், பழகிய பிறகு அதுவும் இன்னொரு கோடுதான்.

உங்கள் சங்கத்திடம் பணமும் ஆளும் இருந்தால், மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, அவர்கள் பொறியாளர் மேற்பார்வையில் செய்யலாம். பள்ளி முன்பு என்றால் காலை, மாலை அரை மணி நேரம் போக்குவரத்துப் போலீஸிடம் சொல்லி ஒரு காவலரைக் கேட்கலாம், அல்லது பள்ளியின் சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்களோடு பெற்றோர் இரண்டு பேர் கொடியோடு நிற்கலாம். மனுவின் பதில் வரும்வரை அதை நிறுத்த வேண்டாம், வந்த பிறகும் ஒரு மாதமாவது தொடருங்கள். புதுக் கோட்டுக்கு வண்டிக்காரர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும்.